1992 பிரிட்டிஷ் ராலி சாம்பியன்ஷிப்: ஆறுக்கு ஆறு வென்ற சீசனை எப்படி மதிப்பிடுவது?

சரளைவழி:

ராலி எனும் கார்ப்பந்தயத்தின் வரலாறு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 1992ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். ஆறு சுற்றுகள் (ஒவ்வொன்றும் ஒரு தனி ராலி) நடந்தன, ஆறையும் காலின் மெக்ரே வென்றார், ஆகவே அது ஒருதலைப்பட்சமான சீசன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடுகிறோம். இந்த மதிப்பீட்டில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மெக்ரே 1968 ஆகஸ்ட் 5 அன்று பிறந்தவர். 1992 சீசன் தொடங்கியபோது அவருக்கு 23 வயது. முந்தைய ஆண்டிலேயே பிரிட்டிஷ் பட்டத்தை வென்றிருந்தார் என்றாலும், அவரைப் பற்றி அப்போது நிலவிய பேச்சு வேறாக இருந்தது. வேகம் இருக்கிறது, காரை முழுசாக வீடு கொண்டுவந்து சேர்க்கும் நிதானம் இல்லை என்பதே எல்லோருடைய தீர்ப்பாகவும் இருந்தது. 'மெக்கிராஷ்' ('கிராஷ்' என்றால் மோதல்) என்ற பட்டப்பெயர் அந்த நாட்களில் ஒட்டிக்கொண்டதுதான். அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமும் இல்லாமல் இல்லை. அதே 1992 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஆயிரம் ஏரிகள் ராலியில் அவர் சுபாரு லெகசி காரைப் பலமுறை உருட்டி, நசுங்கிப்போன காரோடு எட்டாவது இடத்தில் வந்து சேர்ந்தார்.

அதே மனிதர், அதே ஆண்டில், அதே வகைக் காரில், உள்நாட்டில் ஒரு சுற்றைக்கூட இழக்கவில்லை. வேல்ஸ் காடுகளிலும் கீல்டர் காட்டிலும் ஸ்காட்லாந்திலும் சரளைச் சாலைகள். வட அயர்லாந்தின் அல்ஸ்டரிலும் மேன் தீவிலும் தார்ச்சாலைகள். டயர் வேறு, சஸ்பென்ஷன் அமைப்பு வேறு, பிரேக் பிடிக்கும் இடம் வேறு. இத்தனை வகைத் தரைகளிலும் ஆண்டு முழுவதும் ஒருவர் தோற்கவில்லை என்றால், எதிராளிகள் பலவீனமாக இருந்தார்கள் என்ற ஒற்றைக் காரணத்தால் மட்டும் அதை விளக்கிவிட முடியுமா? ஒரு தேசிய சாம்பியன்ஷிப் ஓர் ஓட்டுநருக்கு எதைக் கற்றுத்தர வேண்டுமோ அதைத்தான் 1992 சீசன் மெக்ரேவுக்குக் கற்றுத்தந்தது என்பது என் வாதம். மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

பழைய எஸ்கார்ட்:

மெக்ரேவின் திறமையை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஓட்டுநரின் திறமையும் சீசனின் தரமும் வெவ்வேறு விஷயங்கள். சரளைவழி அவர்கள் இரண்டையும் ஒன்றாக்குகிறார் என்று எனக்குப் படுகிறது.

பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை அளக்க எனக்குத் தெரிந்த சரியான அளவுகோல் 1970களின் பிற்பகுதிதான். 1976 முதல் 1983 வரையிலான எட்டு ஆண்டுகளில் ஐந்து முறை பட்டம் வெளிநாட்டவருக்குப் போயிற்று. ஆரி வட்டனென் 1976இலும் 1980இலும் வென்றார். 1978இல் ஹன்னு மிக்கோலா, 1979இல் பென்டி ஐரிக்கலா, 1983இல் ஸ்வீடனின் ஸ்டிக் பிளொம்க்விஸ்ட். ஃபின்லாந்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் தங்கள் நாட்டை விட்டு இங்கே வந்து ஓட்டினார்கள் என்றால், உலக சாம்பியன்ஷிப்புக்கு அடுத்தபடியாக மதிக்கத்தக்க களம் இதுவே என்று கருதியதால்தான். அப்படிப்பட்ட களத்தில் 1977இல் ரஸ்ஸல் புரூக்ஸும், 1981, 1982 ஆண்டுகளில் காலினின் தந்தை ஜிம்மி மெக்ரேயும் வென்றபோது அந்தப் பட்டத்துக்கு ஒரு கனம் இருந்தது.

1992இல் நிலைமை அதுவல்ல. உயர்மட்டக் கார்கள் 'குரூப் ஏ' விதிகளின்படி இருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்து விதிப்படி, ஒரு நிறுவனம் 5,000 கார்களைத் தயாரித்தால்தான் அந்த மாடலைப் போட்டிக்கு அனுமதிப்பார்கள். டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட கார்களை அந்த எண்ணிக்கையில் தயாரிக்கச் சில நிறுவனங்களே முன்வந்தன. அவற்றிலும் பிரிட்டனின் தேசியத் தொடருக்கென்று முழு அணியைச் செலவு செய்து அனுப்பியவை இன்னும் குறைவு. மெக்ரேயின் பின்னால் பான்பரியில் இயங்கிய புரோடிரைவ் அணி இருந்தது. உலக சாம்பியன்ஷிப்பில் சுபாருவுக்காகக் கார்களைத் தயாரித்து ஓட்டிய அதே அணி அது. எதிரே நின்றவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு ஈடான பின்பலம் கிடையாது. ஆறுக்கு ஆறு என்பது இந்த ஏற்றத்தாழ்வின் விளைவும் கூட.

நிர்வாகிகளே இதை உணர்ந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று 1995. அந்த ஆண்டு அவர்கள் நான்கு சக்கர இயக்க டர்போ கார்களை முன்னிலையிலிருந்து விலக்கி, டர்போ இல்லாத, இரண்டு சக்கர இயக்கம் கொண்ட இரண்டு லிட்டர் கார்களைப் பட்டத்துக்குரியவையாக ஆக்கினார்கள். எல்லாம் நன்றாக இருந்திருந்தால் அந்த மாற்றம் எதற்கு?

கைக்குறிப்பு:

விதிகளைப் பற்றிய வாதத்தை நீங்கள் இருவரும் தொடருங்கள். அந்தச் சாலைகள் எப்படிப்பட்டவை என்பது தெரியாமல் 'தோற்கவில்லை' என்பதன் எடை விளங்காது என்பதால், நான் சாலைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

பிரிட்டனின் பெருநிலப்பகுதியில் பொதுச் சாலையை மூடிப் பந்தயம் நடத்துவதற்கு அக்காலத்தில் பொதுவான சட்ட அனுமதி இல்லை. இங்கிலாந்தில் அதற்கான வழி 2017இல்தான் திறந்தது. அதனால்தான் 1960இல் பிரிட்டனின் முதன்மை ராலியான ஆர்.ஏ.சி. ராலி முதல்முறையாக வனத்துறைச் சாலைக்குள் ஒரு ஸ்டேஜை, அதாவது நேரம் கணக்கிட்டு ஓட்டும் பகுதியை, வைத்தது. பின்னர் பிரிட்டிஷ் ராலி என்றாலே காட்டுச்சாலை என்றாகிவிட்டது. மேன் தீவுக்குத் தனி நாடாளுமன்றம் உண்டு, வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டம் உண்டு. ஆகவே அங்கே ஊர்ச்சாலைகளை மூடி, தார்ச்சாலை ராலி நடத்த முடிந்தது. ஒரே தொடருக்குள் இவ்வளவு மாறுபட்ட இரண்டு உலகங்கள் சேர்ந்திருப்பதற்குக் காரணம் இந்தச் சட்ட வேறுபாடுதான்.

கீல்டர் இங்கிலாந்திலேயே மிகப் பெரிய நட்டு வளர்த்த காடு. 1920களில் மரத்தேவைக்காக நடத் தொடங்கினார்கள். அதனுள் ஓடும் சாலைகள் மரம் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்காகப் போடப்பட்டவை; பந்தயத்துக்காக யாரும் அவற்றின் வளைவுகளைத் திட்டமிடவில்லை. உடைகல்லைப் பரப்பி அழுத்திய தரை, இரண்டு பக்கமும் மழைநீர் வடியும் ஆழமான வாய்க்கால், அதையொட்டி வெட்டி அடுக்கிய மரக்கட்டைகள், அவற்றுக்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் மரங்களின் இருண்ட சுவர். நீண்ட நேர்ச்சாலை திடீரென்று ஒரு மேட்டில் ஏறும். மேட்டுக்கு அப்பால் சாலை வலமாகப் போகிறதா இடமாகப் போகிறதா என்பது மரங்களின் வரிசையைப் பார்த்தால் தெரிவது போலத் தோன்றும். ஆனால் அங்கே மரங்களுக்கு நடுவில் விடப்பட்ட வெற்றிடம் தீத்தடுப்புப் பாதையாகவும் இருக்கலாம். அதை நம்பிப் போனவர்கள் வாய்க்காலில்தான் நிற்பார்கள். வாய்க்காலில் ஒரு சக்கரம் இறங்கிவிட்டால் காரை மீட்டு வெளியே கொண்டுவருவது அபூர்வம்.

மேன் தீவில் இதற்கு நேர்மாறான தொல்லை. தார்ச்சாலை, பிடிமானம் நன்றாக இருக்கும், வேகமும் கூடும். ஆனால் சாலையோரத்தில் புல் மூடிய கரைபோலத் தெரிவதெல்லாம் உள்ளே கல் அடுக்கிய சுவர். ஒரு கை அகலம் தவறினால் சக்கரமே பிய்ந்துவிடும். அல்ஸ்டரில் வேலி நெருங்கிய சிற்றூர்ச் சாலைகள் குண்டும் மேடுமாக இருக்கும். வயல்வாயில்களில் டிராக்டர்கள் இழுத்துவந்த சேறு, தாரின் மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும். வெயில் காயும் நாளிலும் அந்த ஓரிடத்தில் மட்டும் பனிக்கட்டியில் ஓட்டுவது போன்ற வழுக்கல்.

எதிராளி யாராக இருந்தாலும் இந்தச் சாலைகள் ஓட்டுநருக்குச் சலுகை தருவதில்லை. ஆறு ராலிகளில் ஒன்றில்கூட ஒரு வாய்க்காலோ ஒரு சுவரோ மெக்ரேவைப் பிடிக்கவில்லை என்பதைப் போட்டியின் பலவீனம் என்ற கணக்கில் எழுத முடியாது.

மலைமுகடு:

ஒரு சிறிய சந்தேகம். முன்னிலையில் இருப்பவருக்கு யாரும் நெருக்கடி தரவில்லை என்றால், அவர் மெதுவாக ஓட்டலாம் அல்லவா? மெதுவாக ஓட்டினால் விபத்தும் குறையும். அப்படிப் பார்த்தால் கைக்குறிப்பு அவர்கள் சொல்வதும் பழைய எஸ்கார்ட் அவர்கள் சொல்வதும் ஒரே இடத்துக்குத்தானே வந்து சேர்கின்றன?

கைக்குறிப்பு:

மலைமுகடு அவர்களே, வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ராலியில் எதிராளி கண்ணுக்குத் தெரிவதில்லை. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுக் கிளம்புகின்றன. ஸ்டேஜ் முடிந்து நேரத்தைக் கேட்ட பிறகுதான் முன்னே இருக்கிறோமா பின்னே இருக்கிறோமா என்பது தெரியும். ஆகவே எவ்வளவு மெதுவாகப் போனால் போதும் என்பதை ஸ்டேஜுக்குள் இருக்கும்போது யாராலும் அளந்து சொல்ல முடியாது. அதோடு, வழக்கமான வேகத்திலிருந்து இறங்கும்போது கவனம் சிதறும். பிரேக்கை முன்கூட்டியே பிடிப்பதால் கார் எதிர்பார்த்த கோணத்தில் திரும்பாது, டயரும் போதிய சூடு ஏறாது. முன்னிலையில் இருந்தவர்கள் தளர்த்தி ஓட்டியபோதே வெளியேறிய கதைகள் ராலியில் ஏராளம்.

மெக்ரேயைப் போன்றவருக்கு இது இரட்டிப்புச் சிரமம். சிறுவயதில் மோட்டார் சைக்கிள் டிரயல்ஸ் போட்டிகளில் பழகிவிட்டு ராலிக்கு வந்தவர் அவர். வளைவுக்கு வெகு முன்பே காரைப் பக்கவாட்டில் எறிந்துவிட்டு, சறுக்கலையே திருப்பமாக மாற்றும் பாணி அவருடையது. அந்தப் பாணியில் பாதி வேகம் என்று ஒன்று கிடையாது. அதை வைத்துக்கொண்டே இடத்துக்கு ஏற்றபடி அடக்கி ஓட்டக் கற்றுக்கொள்வதுதான் கடினம். அருகில் அமர்ந்திருந்த டெரெக் ரிங்கருக்கும் இதில் பங்கு உண்டு. கோ-டிரைவர் சாலைக் குறிப்பைப் படித்துக்காட்டுபவர் மட்டுமல்லர். அடுத்த கட்டுப்பாட்டு நிலையத்துக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது, சர்வீஸில் எதை மாற்றச் சொல்ல வேண்டும், முன்னிலை எத்தனை வினாடி, இந்த ஸ்டேஜில் எதைப் பணயம் வைக்கத் தேவையில்லை என்பதையெல்லாம் ஓட்டுநரின் மனத்தில் அமைதியாகப் பதியவைப்பவர். பின்னர் 1995இல் மெக்ரே உலக சாம்பியனானபோதும் அருகில் இருந்தவர் ரிங்கர்தான்.

பழைய எஸ்கார்ட்:

சாலைகளைப் பற்றிக் கைக்குறிப்பு அவர்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 1993ஐப் பாருங்கள். மெக்ரே உலக சாம்பியன்ஷிப்பில் கவனம் செலுத்தப் போய்விட்டார். அவருக்குப் பிறகு அதே சுபாரு லெகசியில் வந்தவர் ரிச்சர்ட் பர்ன்ஸ். 1971 ஜனவரியில் பிறந்த அந்த இளைஞர், 22 வயதில், மெக்ரே வைத்திருந்த இளவயது சாதனையையும் முறியடித்து பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். இரண்டு ஓட்டுநர்களின் பாணியும் ஒன்றுக்கொன்று நேரெதிர். பர்ன்ஸ் அளந்து ஓட்டுபவர், கார் நேராக நிற்க வேண்டும் என்று நினைப்பவர். எதிரெதிரான இரண்டு பாணிகளில், ஒரே காரில், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டம் கிடைத்திருக்கிறது என்றால், வென்றது காரா ஓட்டுநரா என்று கேட்பது நியாயம்தானே?

சரளைவழி:

நியாயமான கேள்வி. ஆனால் அந்த எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது என்று நினைக்கிறேன்.

முதலாவதாக, பர்ன்ஸ் 1993இல் நான்கு சுற்றுகளை வென்றார், ஆறையும் அல்ல. நான்குக்கும் ஆறுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கார் விளக்காது. அந்த ஆண்டு ஃபோர்டின் எஸ்கார்ட் காஸ்வொர்த் களத்துக்கு வந்துவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். அதை மறுக்க மாட்டேன். மால்கம் வில்சன் அந்தக் காரில் 1994இல் பட்டத்தையும் வென்றார்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். 1991, 1992, 1993 ஆகிய மூன்று சீசன்களின் பட்டங்களும் இந்த இருவரிடம் இருந்தன. மெக்ரே 1995இல் உலக சாம்பியனானார், பர்ன்ஸ் 2001இல். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் பிரிட்டனுக்கு இதுவரை கிடைத்த ஓட்டுநர் பட்டங்கள் இந்த இரண்டுதான். நீங்கள் அளவுகோலாகக் காட்டிய 1970களில் பிரிட்டிஷ் தொடர் வலிமையாக இருந்தது உண்மை. ஆனால் அந்த வலிமையால் உலக சாம்பியன்களானவர்கள் வட்டனெனும் மிக்கோலாவும் பிளொம்க்விஸ்டும். ஐந்து முறை பிரிட்டிஷ் பட்டம் வென்ற ஜிம்மி மெக்ரேவுக்கும், நான்கு முறை வென்ற ரோஜர் கிளார்க்குக்கும் உலக சாம்பியன்ஷிப் முழுவதையும் ஓட்டக்கூடிய வாய்ப்பு அமையவில்லை. தேசியத் தொடரையும் உலகத் தொடரையும் ஒரே அணி, ஒரே காரோடு இணைத்த ஏற்பாடு 1990களின் தொடக்கத்தில்தான் பிரிட்டனில் கைகூடியது.

அதன் பின்னாலிருந்த மனிதரைப் பாருங்கள். புரோடிரைவை 1984இல் தொடங்கிய டேவிட் ரிச்சர்ட்ஸ், வட்டனென் 1981இல் உலகப் பட்டம் வென்றபோது அவருக்குக் கோ-டிரைவராக இருந்தவர். ஃபின்லாந்து இளைஞர் ஒருவர் பிரிட்டிஷ் காடுகளில் மோதி, உருண்டு, மெல்லமெல்ல உலக சாம்பியனாக முதிர்ந்ததை அருகிருக்கையில் இருந்து பார்த்தவர். மெக்ரேயின் விபத்துகளை அவர் வேறு கண்ணோடு பார்த்திருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். வேகத்தை யாருக்கும் கற்றுத்தர முடியாது, நிதானத்தைக் கற்றுத்தரலாம். கற்றுத்தருவதற்கு ஓர் இடம் வேண்டும். உலக ராலியில் தவறு செய்தால் இழப்பு பெரிது. பிப்ரவரியில் ஸ்வீடனில் இரண்டாவதாக வந்து எல்லோரையும் வியக்கவைத்தவர், ஆகஸ்டில் ஃபின்லாந்தில் காரை உருட்டினார். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில், வாரயிறுதிக்கு வாரயிறுதி, முன்னிலையைப் பெற்று அதைக் கடைசி ஸ்டேஜ் வரை காப்பாற்றும் பழக்கத்தை அவர் பெற்றது பிரிட்டிஷ் சுற்றுகளில். அடுத்த ஆண்டு நியூசிலாந்தில், அதே லெகசியில், தம் முதல் உலக ராலி வெற்றியைப் பெற்றார். சுபாருவுக்கும் அதுவே முதல் வெற்றி.

மூன்றாம் கியர்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் இருவரும் தேசிய சாம்பியன்ஷிப் எதற்காக நடத்தப்படுகிறது என்ற கேள்விக்கு வெவ்வேறு பதில்களை வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சரளைவழி அவர்களுக்கு அது பயிற்சிக்களம். பழைய எஸ்கார்ட் அவர்களுக்கு அது பார்ப்பவர்களுக்கும் பங்கேற்பவர்களுக்கும் உரிய போட்டி. 1992 சீசன் முதல் கணக்கில் உயர்ந்தும் இரண்டாவது கணக்கில் தாழ்ந்தும் நிற்கலாம்.

1995க்குப் பிந்தைய காலத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு சக்கர இயக்க விதி வந்த பிறகு நிசான், ஃபோர்டு, ரெனோ உட்படப் பல நிறுவனங்கள் பிரிட்டிஷ் தொடருக்கு வந்தன. காலினின் தம்பி அலிஸ்டர் 1995இலும், மேன் தீவுக்காரரான மார்க் ஹிக்கின்ஸ் 1997இலும் நிசானில் வென்றார்கள். 1996இல் குவின்டாஃப் எவன்ஸ் ஃபோர்டு எஸ்கார்ட்டில் வென்றார். 1998இல் இன்னொரு மேன் தீவுக்காரர் மார்ட்டின் ரோ, 1999இல் ஃபின்லாந்தின் டாப்பியோ லவுக்கனென் இருவரும் ரெனோ மேக்ஸி மெகானில் வென்றார்கள். ஐந்து ஆண்டுகளில் ஐந்து சாம்பியன்கள். காட்டோரம் நின்று பார்த்தவர்களுக்கு அதுவே பொற்காலம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஐவரில் ஒருவரும் உலக சாம்பியனாகவில்லை. உலக ராலியில் வெல்லத் தேவையான நான்கு சக்கர இயக்க டர்போ கார் அவர்கள் கையில் இல்லாமலே ஆண்டுகள் போய்விட்டன.

பழைய எஸ்கார்ட்:

மூன்றாம் கியர் அவர்கள் பிரித்துக்காட்டிய விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சிக்களம் என்ற அளவுகோலை மட்டும் வைத்தால், பின்வரிசையில் தம் சொந்தப் பணத்தில் ஓட்டிய நூற்றுக்கணக்கானவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். வார நாட்களில் கராஜில் வேலை பார்த்துவிட்டு, இரவில் தம் காரைப் பிரித்துப் பூட்டி, சனிக்கிழமை விடியலில் காட்டுக்கு வந்து நிற்பவர்கள் இல்லாமல் எந்த ராலியும் நடக்காது. நுழைவுக் கட்டணம் அவர்களிடமிருந்துதான் வருகிறது. முன்வரிசையில் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஸ்பான்சர்களின் ஆர்வம் குறைகிறது. அதன் அடி கடைசியில் இந்தப் பின்வரிசைக்காரர்கள் மீதுதான் விழுகிறது. பிரிட்டிஷ் தொடர் 2015இல் ஓராண்டு நடக்காமலே நின்றுபோனதை நாம் பார்த்தோம். அடுத்த ஆண்டு ஆர்5 எனும் நான்கு சக்கர இயக்க டர்போ வகைக் கார்களோடு மீண்டும் தொடங்கியது. ஒரு தொடர் நின்றுபோவது எவ்வளவு எளிது என்பதற்கு அதுவே போதுமான சான்று. அதனால்தான் முன்வரிசையில் நெருக்கமான போட்டி இருப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

சரளைவழி:

பின்வரிசை ஓட்டுநர்களைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. நான் அதை என் முதல் பதிவில் கருதவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள்தான் இந்த விளையாட்டின் முதுகெலும்பு.

2016இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது பட்டம் வென்றவர் எல்ஃபின் எவன்ஸ், 1996 சாம்பியன் குவின்டாஃபின் மகன். அதற்கு முன்பே உலகத் தொடரில் ஓட்டியவர், முன்னணி இருக்கையை இழந்து உள்நாட்டுக்குத் திரும்பி, இங்கே வென்று, மறுபடியும் மேலே போனார். 2017இல் வேல்ஸில் தம் முதல் உலக ராலியை வென்றார். நெருக்கமான போட்டியும் பயிற்சிக்களமும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. 1992இல் முதலாவது குறைவாக இருந்தது என்பதை உங்களுக்காக ஏற்கிறேன். இரண்டாவது நிறைவாக இருந்தது என்பதை நீங்கள் ஏற்பீர்களா?

பழைய எஸ்கார்ட்:

காட்டு ராலிகளைப் பொறுத்தவரை இன்னும் தயங்குகிறேன். ஜிம்மி மெக்ரேயின் மகன் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்த சாலைகள் அவை. கார் வேறு மற்றவர்களுடையதைவிட மேலானது. ஆனால் தார்ச்சாலைச் சுற்றுகளைப் பற்றி நான் வாதாட மாட்டேன். அல்ஸ்டரிலும் மேன் தீவிலும் அந்தந்த ஊர்க்காரர்களுக்குச் சாலை மனப்பாடம். அவர்களோடு போட்டியிட்டு, பக்கவாட்டில் சறுக்குவதையே இயல்பாகக் கொண்ட ஒருவர், சறுக்கல் என்பது வினாடிகளைத் தின்னும் தார்ச்சாலையில் தம் பாணியை அடக்கி இரண்டையும் வென்றார் என்றால், அதைக் கார் செய்துகொடுத்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு வெற்றிகளை அவருடைய பட்டியலில் உரிய உயரத்தில் வையுங்கள். மற்ற நான்கைப் பற்றி, அந்தக் காலத்து ஸ்டேஜ் நேரங்களின் முழுப் பட்டியலை யாரேனும் இங்கே பதிவிட்டால், ஒவ்வொரு ஸ்டேஜாக எடுத்துப் பேசலாம். எந்த இடத்தில் அவர் விரட்டினார், எந்த இடத்தில் அடக்கினார் என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.